ஒளிர்நிலை

“பக்கத்தைத் திருப்பாமலே அடுத்த பக்கத்தை எப்படிம்மா படிச்சே?”

“திருப்பினேன் டீச்சர்.”

“நான் பக்கத்துலதானே நின்னேன். உன் கட்டை விரல் பன்னிரண்டாம் பக்கத்து மேலயே இருந்துச்சு. வாய் மட்டும் பதிமூணுக்குப் போயிடுச்சு.”

அந்தப் பெண் செருப்பு வாரைக் கால் விரலால் நிமிண்டிக்கொண்டு நின்றாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒண்ணாம் வகுப்புப் பசங்களோட உட்கார வெச்சிடுவாங்க.”

“சொல்லலை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், நூலக அறையின் கடைசி அலமாரிக்குப் பின்னால் நடந்த இந்தப் பேச்சை ஐந்தாம் வகுப்பு டீச்சர் நாளுக்கு நான்கு தடவையாவது நினைத்துக்கொள்வாள். பத்து வயதுப் பெண். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், பக்கம் பக்கமாக ஒப்பிப்பாள். ஏற்ற இறக்கம்கூட மாறாது. வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பெருமையாகத்தான் வைத்திருந்தார்கள். இரண்டு வருடங்களில் மூன்று பள்ளிகள் மாறி வந்தவள் என்பதால் யாரும் அவளை உட்கார வைத்து உற்றுப் பார்த்ததில்லை. எழுதச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து, கோலத்தை வரைவதுபோல எழுத்தை வரைந்து வைத்துவிடுவாள். படிக்க மட்டும் தெரியாது.

இந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அடுத்த வருடம் ஆயிரத்து இருநூறு பேர் படிக்கிற பெரிய பள்ளிக்கு அவள் போக வேண்டும். அங்கே யாருக்கும் கட்டை விரலைக் கவனிக்க நேரமிருக்காது. தினம் ஒரு பீரியடு கிடைத்தால், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருடம் முடிவதற்குள் படிக்க வைத்துவிடலாம் என்று டீச்சர் கணக்குப் போட்டாள். தலைமையாசிரியையிடம் கேட்டால் கொடுத்துவிடுவார். நல்ல மனுஷிதான். திங்கட்கிழமை கேட்கலாம் என்று இருந்தாள்.

திங்கட்கிழமை ஆதாரம் சார் வந்து சேர்ந்தார்.

அவருடைய முழுப் பதவி, அலகுத் திட்ட மதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர். எதைச் சொன்னாலும் “ஆதாரம் எங்கே?” என்று கேட்பார் என்பதால், ஆசிரியர் அறையில் மத்தியான இடைவேளைக்குள்ளாகவே அவருக்கு வேறு பெயர் அமைந்துவிட்டது.

“நீங்க எல்லாரும் இத்தனை வருஷமா பாடத்தைப் பாடத்துலேர்ந்தே ஆரம்பிச்சிருக்கீங்க,” என்று அவர் முதல் நாள் கூட்டத்தில் வருத்தத்தோடு சொன்னார். “முடிவுலேர்ந்து ஆரம்பிக்கணும். ஒரு அலகு முடிஞ்சதும் பிள்ளை நிஜ வாழ்க்கையில என்ன செஞ்சு காட்டும்? அதுக்குப் பேர்தான் செயல்பாட்டுப் பணி. பரீட்சை வேண்டாம், பேப்பர் வேண்டாம். பிள்ளைக்குத் தெரியுமாங்கறது இல்லை கேள்வி. தெரிஞ்ச மாதிரி தெரியுதாங்கறதுதான் கேள்வி.”

கடைசி வாக்கியத்தை எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

சொல்லப்போனால், யோசனை மோசமில்லை என்றுதான் டீச்சருக்கும் பட்டது. அளவைகளை ஒப்பிக்கிற பிள்ளையை விடத் தராசில் நிறுத்துக் காட்டுகிற பிள்ளை தேவலைதானே. ஆசையோடுதான் படிவத்தைக் கையில் வாங்கினாள். பதினாறு பக்கம். மாணவர் ஏற்கும் வேடம் என்ன, பார்வையாளர் யார், சூழல் என்ன, படைப்பு என்ன என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் இரண்டு பெரிய கட்டங்கள் காலியாக இருந்தன. மாணவர்கள் பணியைச் செய்துகாட்டும் புகைப்படத்தை இரண்டு கோணங்களில் ஒட்ட வேண்டும். அதன் கீழேயே, அலகு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாகத் திட்டத்தை ஒப்படைக்க வேண்டும் என்றும் அச்சிட்டிருந்தது.

“சார், ஒரு சந்தேகம்,” என்று டீச்சர் எழுந்தாள். “பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே படம் ஒட்டணும்னா, பசங்க எதைச் செஞ்சு காட்டுவாங்க?”

ஆதாரம் சார் அவளைப் பரிவோடு பார்த்தார். “போற பள்ளிக்கூடத்துல எல்லாம் இந்தக் கேள்வி வருது. நீங்க இன்னும் பாடத்துலயே நிக்கறீங்க டீச்சர்.”

“சரிங்க சார். ஆனா எதைச் செய்வாங்க?”

“முடிவைச் செய்வாங்க.”

கூட்டம் முடிந்து எழுத்தரிடம் போய்க் கேட்டுப் பார்த்தாள். “நீங்க என்ன வேணா பண்ணுங்க டீச்சர். படம் இல்லாத படிவத்தைக் கம்ப்யூட்டர் வாங்காது. நான் வாங்கினாலும் அது வாங்காது,” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அப்படித்தான் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் கற்றதைக் காட்டிவிட்டு, அப்புறம் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள்.

முதல் அலகு தண்ணீர். நகரத்துக் குடிநீர்ப் பொறியாளர்களாகப் பிள்ளைகள் அட்டைக் குழாய்களோடு வரிசையில் நின்றார்கள். பார்வையாளர், வகுப்புக்கு வெளியே உள்ள நிஜ மனிதராக இருக்க வேண்டும் என்பது விதி. வகுப்புக்கு வெளியே இருந்த ஒரே நிஜ மனிதர் வாட்ச்மேன்.

“டீச்சரம்மா, இன்னைக்கு நான் யாரு?” என்று கேட்டுக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மேயர் அண்ணா.”

“காலையில நாலாம் வகுப்புக்கும் மேயர்தான். அங்க சொன்ன வாக்குறுதியையே இங்கயும் சொல்லவா?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினா போதும்.”

“அப்போ அசல் மேயர்தான்,” என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

படம் எடுத்து முடித்ததும், சோடாப் புட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பையன் கையைத் தூக்கினான். வகுப்பில் அவனுக்குப் புத்தகப் புழு என்று பெயர். கையில் எது கிடைத்தாலும், சோப்பு உறையாக இருந்தாலும், படித்துவிடுவான். “டீச்சர், தண்ணி கீழேதானே ஓடும்? மாடி வீட்டுக்கு எப்படி ஏறுது?”

“நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்,” என்றார் மேயர்.

“அடுத்த வாரம் பாடத்துல வரும்,” என்றாள் டீச்சர்.

வரவில்லை. அடுத்த வாரம் சுற்றறிக்கைதான் வந்தது. செயல்பாட்டுப் பணியில் தேறிவிட்ட வகுப்புக்கு அதே அலகை மறுபடி நடத்துவது கற்றல் நேர விரயம் என்று அதில் கண்டிருந்தது. பொறியாளர்கள் எல்லோரும் தேறிவிட்டிருந்தார்கள். ஆகவே தண்ணீர் முடிந்தது. அளவைகளும் அப்படியே முடிந்தன. அரையாண்டு விடுமுறைக்குள் ஐந்து அலகுகள் கற்றாகிவிட்டன, ஒன்றும் நடத்தப்படவில்லை.

மற்ற வகுப்புகளிலும் கதை இதேதான். கணக்கு சார், பின்னங்களுக்குப் பாகப்பிரிவினை என்று பணி வைத்தார். அப்பா சொத்தை நான்கு அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ள வேண்டும், வாட்ச்மேன் நீதிபதி. எட்டில் மூன்று யாருக்கு என்பதில் வாய்ச்சண்டை முற்றி, ஒருவன் சட்டைப் பையை இன்னொருவன் கிழித்துவிட்டான். இரண்டு பேரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. பின்னம் இரண்டு பேருக்குமே வரவில்லை. ஆனால் ‘நிஜ வாழ்க்கைத் தன்மை’ என்ற கட்டத்தில் இருவருக்கும் ஆகச் சிறந்த மதிப்பு விழுந்தது. வாட்ச்மேன் இப்படி மாறி மாறி நாற்காலிகளில் இருந்ததால் வாசல் கேட்டில் ஆள் இல்லாமல் போனது. ஒருநாள் மெத்தை விற்கிறவர் ஒருவர் நேராக உள்ளே வந்துவிட்டார். அவரையும் உட்கார வைத்து, வெளிநாட்டுப் பயணி என்று எழுதிக்கொண்டார்கள். போகும்போது சான்றிதழும் கொடுத்தார்கள். அவர் அதைச் சுருட்டி மெத்தைக்குள் செருகிக்கொண்டு போனார்.

ஆறாவது அலகு வாசித்தல்.

டீச்சர் அதற்காகத்தான் காத்திருந்தாள். இதில் ரேடியோவின் நிலைமை தானாக வெளியே வந்துவிடும். தன் வாயால் சொல்ல வேண்டாம், சத்தியத்தை மீறியதாகவும் ஆகாது. பின்தங்கியவர்களுக்கென்று தினம் ஒரு சிறப்பு பீரியடு இருந்தது. அதில் அவளுக்கு இடம் கிடைத்துவிடும், தலைமையாசிரியையின் வாசலில் போய் நிற்காமலே வேலை முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

பணி, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பது. மதிப்பிடும் அட்டவணை மேலிடத்திலிருந்தே அச்சாகி வந்தது. தொடக்கநிலை, வளர்நிலை, தேர்நிலை, ஒளிர்நிலை என்று நான்கு படிகள். குரல், தோற்றம், தன்னம்பிக்கை, பார்வை என்று நான்கு வரிசைகள். பார்வை வரிசையை டீச்சர் இரண்டு தடவை படித்தாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தால் தொடக்கநிலை. அடிக்கடி பார்த்தால் வளர்நிலை. எப்போதாவது பார்த்தால் தேர்நிலை. தாளைப் பார்க்காமல் பார்வையாளரை மட்டுமே பார்த்தால் ஒளிர்நிலை.

ரேடியோ தாளைப் பார்க்கவே இல்லை. புத்தகப் புழு ஒத்திகையில் ஒரே ஒரு தடவை வாசித்ததைக் காதில் வாங்கிக்கொண்டு, மேசையில் கைகளைக் கோத்து வைத்து, மழை நிலவரம் வரைக்கும் பிசகாமல் சொல்லி முடித்தாள். வாட்ச்மேன், அன்றைக்கு அவர் பொதுமக்கள், எழுந்து நின்று கை தட்டினார். புத்தகப் புழு தாளோடு மூக்கு உரச ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். நடுவில் நிறுத்தி, “இந்தச் செய்தியில தேதி தப்பா இருக்கு டீச்சர்,” என்றும் சொன்னான். அவனுக்குத் தொடக்கநிலை.

மறுநாளிலிருந்து சிறப்பு பீரியடுக்குப் புத்தகப் புழுவை அனுப்பினார்கள். அங்கே அவனுக்குத் தாளைப் பார்க்காமலிருக்கக் கற்றுக் கொடுத்தார்கள்.

டீச்சருடைய அலகுத் திட்டத்தை, ரேடியோவின் படத்தோடு, முன்மாதிரித் திட்டம் என்று சுற்றுக்கு விட்டார்கள். ஆசிரியர் அறையில் கை குலுக்கினார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. நான் எடுத்த படம்தானே, நான் போட்ட மதிப்புதானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் குத்திக்கொண்டே இருந்தது. இடைவேளையில் பத்துப் பத்து நிமிடமாக ரேடியோவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். ஏழெட்டு எழுத்துகள் பிடிபட்டன. அதற்குள் அடுத்த பணிக்கான ஒத்திகை இடைவேளையையும் எடுத்துக்கொண்டது.

துணிந்து தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். ஆதாரம் சாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், எனக்குத் தினம் ஒரு பீரியடு வேணும். ஒரு பொண்ணோட உட்காரணும்.”

“எந்தப் பொண்ணு?”

பெயரைச் சொன்னதும் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “என்ன டீச்சர், அது ஒளிர்நிலையாச்சே. அதுக்குமேல படியே கிடையாது. நீங்க அவளை எங்கே கொண்டுபோகப் போறீங்க?”

“வாசிப்புல கொஞ்சம் கவனிக்கணும் மேடம்.”

“வாசிப்புலதான் முன்மாதிரி,” என்றார் ஆதாரம் சார். “குறை இருக்குன்னா எந்தக் கட்டத்துல இருக்குன்னு காட்டுங்க. அட்டவணையில இல்லாத குறையை நாம எப்படி ஏத்துக்கறது?”

“எழுத்தைப் பார்த்துப் படிக்கிறாளான்னு அட்டவணையில கட்டமே இல்லையே சார்.”

“தேவைப்பட்டிருந்தா வெச்சிருப்பாங்களே.”

தலைமையாசிரியை குரலைத் தணித்துக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்க டீச்சர். கோரிக்கையை எழுதிக் குடுங்க. ஆனா சும்மா மனுவா வேண்டாம். இப்ப எல்லாமே செயல்பாட்டுப் பணி வடிவத்துலதான் வாங்கறோம்.”

எழுதிக் கொடுத்தாள். வேடம்: டீச்சர். பார்வையாளர்: ஒரு மாணவி. சூழல்: வகுப்பறை. படைப்பு: அவள் படிப்பது. நான்கு நாள் கழித்து, ‘வேடத்தில் புதுமை இல்லை’ என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளுடைய கணவர் டீயைத் தானே போட்டுக் கொண்டுவந்து வைத்தார். லிஃப்ட் மெக்கானிக். விரல் இடுக்கில் கிரீஸ் கறை எப்போதும் இருக்கும்.

“எங்க வேலையில இந்தத் தொல்லை இல்லை,” என்றார். “பட்டனை அமுக்கினா மேல போகணும். போச்சுன்னா பாஸ். போகலைன்னா ஃபெயில்.”

“மேல போற மாதிரி நடிச்சா?”

“லிஃப்ட் எப்படி நடிக்கும்?”

“விளக்கு எரியுது, நம்பர் மாறுது, மணி அடிக்குது. ஆனா நகரலை. அப்போ?”

அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “கதவு திறக்குமே. உள்ளே ஆள் இருப்பாங்களே,” என்றார் மெதுவாக.

டீச்சர் டீயைக் குடிக்காமல் டம்ளரையே சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நேரா போட்டு உடைச்சிட வேண்டியதுதானே? அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது, எனக்கு நேரம் குடுங்கன்னு.”

“சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேங்க.”

“பத்து வயசுப் பிள்ளைக்குப் பண்ணின சத்தியம்.”

“பத்து வயசுல யாராவது உங்களுக்குப் பண்ணின சத்தியத்தை மீறியிருந்தா, உங்களுக்கு இப்ப மறந்திருக்குமா?”

அவர் யோசித்தார். “மறந்திருக்காது,” என்று ஒப்புக்கொண்டார்.

மறு வாரம் ரேடியோவின் அம்மா பள்ளிக்கு வந்தாள். ஹோட்டல் சலவைப் பிரிவில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வேலை உடுப்போடே வந்திருந்தாள். அவள் பின்னால், சுவரோடு சுவராக ரேடியோ.

“உங்களைத்தான் பார்க்க வந்தேன் டீச்சர். படிச்சவங்க யாராவது எழுதிக் குடுத்தா மருந்துக் கடைக்காரன் மேல புகார் குடுக்கலாம்னு சொன்னாங்க.”

“என்னம்மா ஆச்சு?”

“சின்னவனுக்குக் காய்ச்சல். புட்டியில சீட்டு ஒட்டிக் குடுத்தான். எனக்குத்தான் எழுத்துப் பழக்கம் இல்லையே. இவதான் படிச்சா. நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு ரெண்டு மூடின்னு டாண் டாண்ணு படிச்சா. அப்படியே குடுத்தேன். புள்ளை எந்திரிக்கவே இல்லை டீச்சர். உலுக்குறேன், கண்ணு தொறக்கலை. ஆஸ்பத்திரியில ஒரு நாள் முழுக்க வெச்சிருந்தாங்க. ரெண்டு வேளை, அரை மூடிதானாம்.” பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள். “கடன்காரன், தப்பா எழுதியிருக்கான் பாருங்க. எம் பொண்ணு இருக்கறதை அப்படியே படிச்சிருக்கா. அதான் பள்ளிக்கூடத்துலயே அவதான் முதல்னு சொல்றாங்களே.”

டீச்சர் புட்டியை வாங்கிப் பார்த்தாள். இரண்டு வேளை, அரை மூடி. கொட்டை எழுத்தில் சரியாகவே எழுதியிருந்தது.

ரேடியோ சுவரில் ஆணி அடித்த ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

“சின்னவன் இப்ப எப்படி இருக்கான்?”

“ஓடுறான், ஆடுறான். கடவுள் புண்ணியம்.”

“புகார் அப்புறம் பார்த்துக்கலாம்மா. புட்டி என்கிட்ட இருக்கட்டும்.”

அம்மா போன பிறகு ரேடியோ அழவில்லை. “அம்மா காத்துக்கிட்டே நின்னாங்க டீச்சர்,” என்றாள். “படி படின்னாங்க. வேற ஒரு புட்டிக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அதைச் சொல்லிட்டேன்.”

அன்றைக்கே டீச்சர் மறுபடி தலைமையாசிரியையின் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே, வரப்போகிற செயல்பாட்டுப் பணிக் கண்காட்சிக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கல்வி இயக்குநரே வருகிறாராம். அரை மணி நேரம் நின்றுவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள். வருடம் முடிய எட்டே வாரம் இருந்தது.

கண்காட்சி அன்று காலையிலிருந்து நான்கு பிரமுகர்கள் பேசினார்கள். நான்கும் ஒரே பேச்சு போலத்தான் இருந்தது. கடைசியில் ரேடியோ மேடையேறிச் செய்தி வாசித்தாள். மூன்றாவது வரிசையில் அவளுடைய அம்மா மடியில் சின்னவனை வைத்துக்கொண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“இதோட விட்டா இது உண்மையான மதிப்பீடு ஆகாது,” என்றார். “பழகின தாளை யாரும் படிப்பாங்க. புதுச் சூழ்நிலையில படிக்கணும். இதுவரைக்கும் பார்க்காத ஒரு தாளைக் குடுத்துப் பார்க்கப் போறேன்.” சட்டைப் பையிலிருந்து, தான் பேசுவதற்காக எழுதிக்கொண்டு வந்த உரையை எடுத்து ரேடியோவிடம் நீட்டினார். “படிம்மா.”

அத்தனை மாதங்களில் யாராவது கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை அந்த மனிதர் கேட்டுவிட்டார். டீச்சருக்குப் பயமாக இருந்தது. ‘முடிந்தது, தப்பித்தோம்’ என்றும் இருந்தது.

ரேடியோ தாளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, நாளைய உலகின் ஒளிவிளக்குகளே. இன்று நாம் ஒரு முக்கியமான கட்டத்தில் நிற்கிறோம். கல்வி என்பது வெறும் கல்வி அல்ல. மாற்றம் என்பது மாறுவதிலிருந்து தொடங்குகிறது. இந்த நேரத்தில் நான் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்…”

ஐந்து நிமிடம் படித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் கை தட்டலுக்கு நிறுத்தினாள். இயக்குநரின் உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன. முடிந்ததும் அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு எழுத்து பிசகலை,” என்றார். “சில இடத்துல, நான் எழுதினப்போ இருந்ததைவிட நல்லா இருந்துச்சு.”

ஆதாரம் சார் இரண்டு கோணங்களில் படம் எடுத்தார்.

“இந்தப் பொண்ணுக்கு வகுப்பறையில கத்துக்க இனிமே ஒண்ணுமில்லை,” என்று இயக்குநர் அறிவித்தார். “மிச்சம் இருக்கற ஏழு வாரமும் நம்ம வேன்ல ஏறி, ஒவ்வொரு பள்ளிக்கூடமா போய் வாசிச்சுக் காட்டட்டும். ஒளிர்நிலைன்னா என்னன்னு எல்லாரும் பார்க்கட்டும். என்ன மேடம்?”

தலைமையாசிரியை தலையை ஆட்டினார். மூன்றாவது வரிசையில் அம்மா அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

டீச்சர் எப்போது எழுந்தாள், எப்படி மேடைக்கு அருகே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “ஐயா, அவளை அனுப்பாதீங்க,” என்றாள்.

“ஏன் டீச்சர்?”

“இந்த ஏழு வாரமும் எனக்குத் தினம் ஒரு பீரியடு வேணும். அவளோட உட்காரணும். வேற யாரும் வேண்டாம், படம் வேண்டாம், அட்டவணை வேண்டாம்.”

“எதுக்காக?”

டீச்சர் வாயைத் திறந்தாள். ரேடியோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வாயை மூடிக்கொண்டாள்.

“காரணம்னு ஒண்ணு இருக்கணுமே டீச்சர். ஏதாவது ஆதாரம்,” என்றார் ஆதாரம் சார், காதோடு காதாக.

“விடுங்க, பாசம்,” என்று இயக்குநர் சிரித்தார். “பிரிய மனசில்லை. நல்ல டீச்சருக்கு அது இருக்கத்தான் செய்யும்.” கூட்டமும் சிரித்தது. யாரோ வேன் டிரைவரைக் கூப்பிட்டார்கள்.

ரேடியோ மைக்கை விட்டு நகரவில்லை. கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“டீச்சர் காரணம் சொல்ல மாட்டாங்க,” என்றாள். செய்தி வாசிக்கிற குரல் இல்லை. சளி பிடித்தாற்போல ஒரு சின்னக் குரல். “நான்தான் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கினேன். இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. காலையிலேர்ந்து எல்லாரும் பேசினதைச் சொன்னேன்.”

முன் வரிசையில் சிலர் கை தட்டினார்கள். “என்ன இயல்பா பண்றா பாருங்க,” என்று இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஆதாரம் சார் கேமராவைத் தூக்கினார்.

ரேடியோ அவர்களைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

“அம்மா, கடைக்காரர் சரியாத்தான் எழுதியிருந்தார். நான்தான் தப்பாச் சொன்னேன்.”

கை தட்டல் அங்கங்கே நின்றது. அம்மா சின்னவனை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ரேடியோ தாளை மேசைமேல் வைத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள். ஒலிபெருக்கியில் அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

“டீச்சர், எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்க.”